ஜன்னல் சாத்திய அறையில் ரேடான்

மயிலாப்பூரிலும் அடையாறிலும் பிள்ளைகளை அமெரிக்காவுக்கு அனுப்பிவைத்த பெற்றோர் ஏராளம். பேரக்குழந்தை பிறந்த சமயத்தில் ஆறு மாதம் நியூஜெர்சியிலோ பென்சில்வேனியாவிலோ தங்கிவிட்டு வந்தவர்களில் பலர், அந்த வீட்டின் நிலவறையில் ஒரு வெள்ளை பிவிசி குழாயைப் பார்த்திருப்பார்கள். சிமென்ட் தரையைத் துளைத்துக்கொண்டு கிளம்பி, சுவரோரமாக ஏறி, கூரைக்கு மேலே போய் முடியும். வழியில், பரணிலோ வெளிச்சுவரிலோ, ஒரு சின்ன மின்விசிறி இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கும். “அது ரேடான் பைப்புப்பா. வீடு வாங்கும்போதே டெஸ்ட் பண்ணினோம், லெவல் ஜாஸ்தியா இருந்தது, அதான் போட்டோம்” என்று பிள்ளை சொல்லியிருக்கும். ஊர் திரும்பி நம் வீட்டுக் கதவைத் திறக்கும்போது எழும் கேள்வி நியாயமானது. இங்கேயும் அது இருக்கிறதா?

இருக்கிறது. மண் உள்ள இடத்தில் எல்லாம் ரேடான் உண்டு. எவ்வளவு இருக்கிறது, எந்த அறையில் சேர்கிறது, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டுமா என்பவைதான் யோசிக்க வேண்டியவை. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சென்னைக்காரர்களை இதுவரை காப்பாற்றி வந்தது பெரிய அளவுக்குத் திறந்த ஜன்னல்தான். ஏசி வந்த பிறகு, பத்து இருபது வருடங்களில் அந்த ஜன்னலை நாம் சாத்திவிட்டோம். சாத்திய பிறகு உள்ளே என்ன நடக்கிறது என்று அளந்து பார்க்கும் பழக்கம் மட்டும் இன்னும் வரவில்லை.

பாறையிலும் மண்ணிலும் மிகச் சிறிய அளவில் யுரேனியம் கலந்திருக்கிறது. அது படிப்படியாகச் சிதைந்து ரேடியம் ஆகும். ரேடியம் சிதைந்தால் ரேடான். இந்தப் பரம்பரையில் வாயுவாகப் பிறப்பது இது ஒன்றுதான். நிறமில்லை, மணமில்லை. அதன் அரை ஆயுட்காலம் 3.8 நாள். மண் துகள்களின் இடுக்குகளில் ஊர்ந்து மேலே வர அது போதுமான அவகாசம். திறந்த வெளிக்கு வந்தால் காற்றோடு கலந்து நீர்த்துப்போகும். தரை விரிசல் வழியாக ஓர் அறைக்குள் வந்தால் அங்கேயே தங்கும்.

மூச்சில் இழுத்த ரேடானைப் பெரும்பாலும் அப்படியே வெளியே விட்டுவிடுகிறோம். கெடுதல் செய்வது அதற்குப் பிறக்கும் பொலோனியம், காரீயம், பிஸ்மத் ஆகியவற்றின் கதிரியக்க வடிவங்கள். இவை திடப்பொருள்கள். பிறந்ததும் காற்றில் மிதக்கும் தூசியிலும் புகையிலும் ஒட்டிக்கொண்டு மூச்சுக்குழாய்க்குள் போய்ப் படியும். அங்கே சில நிமிடங்களில் பொலோனியம் சிதைந்து ஆல்பா துகளை வீசும். ஆல்பா துகளை ஒரு தாள் தடுத்துவிடும். உடம்பின் மேல்தோலும் தடுத்துவிடும். மூச்சுக்குழாயின் உட்புறம் அப்படிப்பட்ட கவசம் இல்லாத மெல்லிய சவ்வு. அதனால்தான் ரேடானால் வரும் நோய் என்றால் அது முதன்மையாக நுரையீரல் புற்றுநோய்.

இது புதிதாகக் கிளம்பிய பயம் அல்ல. ஜெர்மனியின் ஷ்னீபெர்க் சுரங்கத் தொழிலாளர்கள் மார்புநோயில் சாவது பல நூற்றாண்டுகளாகத் தெரிந்த விஷயம். அது நுரையீரலில் வரும் புற்று என்று 1879இல் இரண்டு மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். அப்போது ரேடான் கண்டுபிடிக்கப்படவே இல்லை. வீடுகளின் பக்கம் உலகம் திரும்பிப் பார்த்ததற்கு ஒரு தனி மனிதர் காரணம். 1984 டிசம்பரில் பென்சில்வேனியாவின் லிமெரிக் அணுமின் நிலையத்தில் வேலை பார்த்த ஸ்டான்லி வாட்ரஸ் என்ற பொறியாளர், கதிரியக்கம் கண்டறியும் வாசலைக் கடக்கும்போதெல்லாம் மணி அடித்தது. உலை அப்போது ஓடத் தொடங்கியிருக்கவில்லை. தேடிப் பார்த்தால் கதிரியக்கத் துகள்களை அவர் வீட்டிலிருந்து சட்டையில் சுமந்துகொண்டு வந்திருந்தார். அவர் வீட்டில் ஒரு கன மீட்டர் காற்றில் கிட்டத்தட்ட ஒரு லட்சம் பெக்கொரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) ரேடான் இருந்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை நடவடிக்கை எடுக்கச் சொல்லும் அளவு 148தான்.

1988இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை ரேடானை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. ஐரோப்பாவின் 13 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்து 2005இல் வெளியான முடிவு, கன மீட்டருக்கு 100 பெக்கொரல் கூடக்கூட நுரையீரல் புற்றுநோய் அபாயம் சுமார் 16 சதவீதம் ஏறுகிறது என்றது. உலக சுகாதார நிறுவனம் 2009இல் வீடுகளுக்கு 100 பெக்கொரல் என்று வரையறை சொன்னது. அது முடியாத நாடுகள் 300ஐத் தாண்டக்கூடாது. உலகின் நுரையீரல் புற்றுநோய்களில் நாட்டுக்கு நாடு 3 முதல் 14 சதவீதம் வரை ரேடானால் வருவதாக அந்த நிறுவனம் மதிப்பிட்டது. புகைபிடிப்பவர் வீட்டில் ரேடானும் இருந்தால் இரண்டும் சேர்ந்து தாக்கும். பீடி, சிகரெட்டை விட்டவருக்கு ரேடானால் வரும் அபாயமும் குறையும். இதைவிட மலிவான பரிகாரம் எதுவும் இல்லை.

இனி நம் ஊருக்கு வருவோம். சென்னையின் அடியில் கிடக்கும் பாறைக்கு ஒரு கதை உண்டு. கல்கத்தாவை நிறுவியவர் என்று சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறையில் உள்ள கல், நம் பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்திலிருந்து போனது. தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் 1893இல் அந்தக் கல்லை வைத்து இந்தப் பாறைக்குச் சார்னோக்கைட் என்று பெயரிட்டார். பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்தில் உருவான பாறை இது. அந்த வெப்பத்தில் இவ்வகைப் பாறைகள் தங்களிடமிருந்த யுரேனியத்தில் பெரும்பகுதியை இழந்துவிடுவது பொதுவான நிகழ்வு. ரேடானைப் பொறுத்தவரை நமக்கு இது ஆறுதலான அடித்தளம். பெங்களூரு கிரானைட்டும் நைசும் கலந்த நிலம். அங்கே ஆழ்துளைக் கிணற்று நீரில், லிட்டருக்கு 11 பெக்கொரல் என்று அமெரிக்கா முன்மொழிந்த அளவைத் தாண்டிய ரேடானைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன.

பாறைக்கு மேலே கிடக்கும் மண்ணும் பேட்டைக்குப் பேட்டை மாறுகிறது. மயிலாப்பூர், சாந்தோம், பெசன்ட் நகர் எல்லாம் கடல் கொண்டுவந்து போட்ட மணல்மேடு. அடையாறு கரையோரம் ஆற்று வண்டல். தி.நகர் 1920களில் நெடிய ஏரியைத் தூர்த்து எழுப்பிய பேட்டை. அதன் பல தெருக்களுக்கு அடியில் இன்னும் ஏரிக் களிமண். ஈரக் களிமண் வாயுவை எளிதில் விடாது. மணல் விட்டுவிடும். ஆகவே மண்ணில் ரேடியம் குறைவு என்பது மட்டும் கணக்கு முழுவதையும் சொல்லாது. மண்ணுக்குள் வாயு எவ்வளவு சுலபமாக நடமாடுகிறது என்பதும் சேர வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வீட்டைச் சுற்றியுள்ள மண் நீரில் ஊறிப்போகும். அப்போது வெளியே வர வழியில்லாத வாயுவுக்கு, தரைக்கு அடியில் நனையாமல் கிடக்கும் மணல் ஒன்றுதான் பாதை. மழைக்காலத்தில் ஜன்னலையும் சாத்தியிருப்போம்.

தெற்கே கல்பாக்கம் கடற்கரை மணலில் மோனசைட் கலந்திருக்கிறது. குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியில் இன்னும் அதிகம். 1909லேயே ஷாம்பெர்க் என்ற ஜெர்மானியர் அங்கே மோனசைட்டைக் கண்டுபிடித்தார். மோனசைட்டில் உள்ள கதிரியக்கப் பொருள் முக்கியமாகத் தோரியம். தோரியம் தருவது ரேடானின் தம்பி போன்ற தோரான் என்ற வாயு. அதன் அரை ஆயுட்காலம் ஒரு நிமிடம்கூட இல்லை, சுமார் 56 வினாடி. சுவரிலிருந்தோ தரையிலிருந்தோ கிளம்பினால் அறையின் நடுவுக்கு வருவதற்குள் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

இதைப் பேசும்போதெல்லாம் கேரளத்தின் கருநாகப்பள்ளியை யாராவது குறிப்பிடுவார்கள். அங்கே மோனசைட் மணலில் குடியிருக்கும் ஏறத்தாழ 70 ஆயிரம் பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு, இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடவில்லை என்று 2009இல் சொன்னது. நல்ல செய்தி. ஆனால் அந்த மக்கள் மீது விழுவது பெரும்பாலும் மணலிலிருந்து வெளியே வரும் காமா கதிர். நுரையீரலுக்குள் போய்ச் சிதையும் ரேடானுக்கு அந்த முடிவை அப்படியே பொருத்தக்கூடாது.

பாபா அணு ஆராய்ச்சி மையம் பல பல்கலைக்கழகங்களைச் சேர்த்துக்கொண்டு நாடு முழுக்க நடத்திய கணக்கெடுப்பில் இந்திய வீடுகளின் சராசரி ரேடான் அளவு கன மீட்டருக்குச் சுமார் 23 பெக்கொரல். உலகச் சராசரி 40ஐ ஒட்டியது. நாம் பாதியில் நிற்கிறோம். இதற்குப் பாறை மட்டும் காரணம் இல்லை. நம் வீடுகள் மூச்சுவிட்டதும் காரணம்.

மாடவீதிகளில் மிச்சமிருக்கும் பழைய வீடு ஒன்றுக்குள் போய்ப் பாருங்கள். திண்ணை, ரேழி, நடுவில் வானம் பார்த்த முற்றம், பின்கட்டு. வாசலில் நின்றால் கொல்லைப்புறம் தெரியும். ஒவ்வோர் அறையிலும் கூரைக்குக் கீழே ஒரு வென்டிலேட்டர். மத்தியானம் கடற்காற்று கிளம்பினால் முன்கட்டில் புகுந்து முற்றத்து வழியே ஏறிப்போகும். அந்த வீட்டில் ரேடான் சேர முடியாது. பிறகு வந்த அடுக்குமாடிக்கும் ஒரு புண்ணியம் உண்டு. கீழ்த்தளத்தைத் தூண்களில் நிறுத்திக் காருக்கு விட்டதால், மண்ணுக்கும் வீட்டுக்கும் நடுவே காற்று ஓடும் வெற்றிடம் கிடைத்தது. அமெரிக்காவில் காசு கொடுத்துக் குழாய் போட்டு வாங்கும் பாதுகாப்பை, கார் நிறுத்த இடம் தேடிய பில்டர் தெரியாமலேயே கட்டிக்கொடுத்துவிட்டார். முதல் மாடியிலும் அதற்கு மேலும் இருப்பவர்களுக்கு மண்ணிலிருந்து வரும் ரேடான் பெரிய கவலை ஆக வாய்ப்புக் குறைவு.

பிரச்சினை தரைத்தளத் தனி வீட்டில், அதுவும் படுக்கையறையில் இருக்கிறது. மே மாதத்து இரவில் அந்த அறையைப் பாருங்கள். கொசுவுக்குப் பயந்து ஆறு மணிக்கே ஜன்னல் சாத்தியாகிவிட்டது. பழைய மரச்சட்டத்தை எடுத்துவிட்டு, காற்றுப் புகாத யுபிவிசி ஜன்னல் போட்டிருக்கிறார்கள். வென்டிலேட்டர் துளையில் தெர்மோகோல் அடைத்து டேப் ஒட்டியிருக்கிறது. ஏசி குளிர் வெளியே போகாமல் இருக்கக் கதவடியில் ஒரு பழைய துண்டு. ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவரும் என்று பலரும் நினைக்கிறார்கள். அது அறைக்குள் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர வைக்கிறது. அப்பா, அம்மா, இரண்டு குழந்தைகள் எட்டு மணி நேரம் அதே காற்றை மூச்சுவிடுகிறார்கள். விடிகாலையில் அறைக்குள் நுழைந்தால் முகத்தில் அடிக்கும் புழுக்க வாடை, காற்று மாறவில்லை என்பதற்குச் சாட்சி. சுவரிலிருந்தும் தரையிலிருந்தும் ஒரே சீராக வாயு வந்துகொண்டிருந்தால், காற்று மாறும் வேகம் பாதியாகும்போது அறையில் அதன் செறிவு ஏறக்குறைய இரட்டிப்பாகும்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். குளிர்நாட்டு வீட்டில் உள்ளே சூடு, வெளியே குளிர். சூடான காற்று மேலே ஏறிக் கூரை வழியே கசியும். அந்த இழுப்பில் அடித்தரை மண்வாயுவை உறிஞ்சும். ஏசி ஓடும் சென்னை வீட்டில் இது தலைகீழ். குளிர்ந்த கனமான காற்று கீழே அமர்ந்து, தரை மட்டத்து இடுக்குகள் வழியே வெளியே கசியப் பார்க்கும். ஆகவே அந்த நாட்டு வீடுகளைப் போல நம் தரை மண்ணை வலுவாக உறிஞ்சாது. உள்ளே வந்தது போகாமல் தங்குவதுதான் நம் சிக்கல். அத்துடன் சமையலறைச் சிம்னியும் குளியலறை எக்சாஸ்ட் ஃபேனும், எல்லா ஜன்னலும் சாத்திய வீட்டில் ஓடினால் அவை தள்ளிய காற்றுக்கு ஈடு எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். தரை விரிசலும் அதற்கு ஒரு வழி. சிம்னி ஓடும்போது ஒரு ஜன்னலைத் திறந்து வைப்பது அதனால்தான் அவசியம்.

கட்டுமானப் பொருள்களைப் பற்றி வாட்ஸாப்பில் வரும் பயமுறுத்தல்களில் பெரும்பகுதி மிகை. சமையல் மேடைக்கு நாம் போடும் கறுப்புக் கிரானைட், நிலவியல்படி கிரானைட்டே அல்ல. பெரும்பாலும் டாலரைட், கேப்ரோ போன்ற கரும்பாறை. யுரேனியம் அதில் மிகக் குறைவு. சிவப்பு, ரோஸ் நிறக் கிரானைட்டுகளில் கூடுதலாக இருக்கலாம். அனல்மின் நிலையச் சாம்பலில் செய்த செங்கல்லில் ரேடியம் சற்றுத் தூக்கலாக இருக்கும். ஆனால் உலையில் உருகிக் கண்ணாடிபோல் இறுகிய துகளுக்குள் அது சிறைப்பட்டிருப்பதால் வெளியே கசியும் வாயு குறைவு. உரத் தொழிற்சாலைக் கழிவான பாஸ்போஜிப்சத்துக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 2009லேயே, கிராமுக்கு ஒரு பெக்கொரல் ரேடியம் என்று வரம்பு கட்டியது. அந்த ஜிப்சத்தில் கண்ணாடியிழை சேர்த்து வார்த்த சுவர்ப் பலகைகளால் வீடு கட்டும் முறையை அடையாறை ஒட்டிய ஐஐடி வளாகத்தில் வளர்த்தெடுத்தார்கள். இப்படிப்பட்ட வரம்பு இருந்தால் புதுப் பொருளைத் தைரியமாகப் பயன்படுத்தலாம்.

தண்ணீரைப் பற்றியும் கேட்பார்கள். போர் தண்ணீரில் கரைந்திருக்கும் ரேடானில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் வீட்டுக் காற்றின் செறிவாகச் சேரும் என்பது பொதுக் கணக்கு. நம் வழக்கப்படி போர் தண்ணீர் சம்ப்பில் விழுந்து, மொட்டைமாடி டேங்க்கில் ஏறி, அங்கே சில மணி நேரம் கிடந்துதான் குழாய்க்கு வருகிறது. விழும்போதும் அலம்பும்போதும் ரேடானில் கணிசமான பங்கு பறந்துவிடும். மெட்ரோ வாட்டருக்கு ஏரிநீரும் கடல்நீரைக் குடிநீராக்கியதும் வருவதால் அதில் கவலையே இல்லை. தண்ணீரைவிட, அந்தப் போர்க்குழாய் தரையைத் துளைக்கும் இடம்தான் எனக்கு உறுத்துகிறது. இடநெருக்கடியால் பல வீடுகளில் மாடிப்படிக்கு அடியிலோ ஹாலை ஒட்டிய இடைகழியிலோ போர் போட்டிருக்கிறார்கள். உறைகுழாயைச் சுற்றி ஒரு விரற்கடை இடைவெளி, மேலே ஒரு தகரமூடி. மண்ணுக்குள்ளிருந்து வாயு நேரே ஏறிவர இதைவிட நல்ல பாதை கிடைக்காது.

சரி, எப்படி அளப்பது? நம் விஞ்ஞானிகள் பயன்படுத்தும் கருவியைக் கையில் எடுத்துப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். தபால்தலை அளவே உள்ள ஒரு செந்நிறப் படலம். எல்ஆர்-115 என்று பெயர். பாலியஸ்டர் தாளின் மேல் 12 மைக்ரான் தடிமனில் பூசிய செல்லுலோஸ் நைட்ரேட். மின்சாரம் வேண்டாம், பேட்டரி வேண்டாம். ஒரு சின்ன டப்பாவுக்குள் வைத்து, கட்டிலுக்கு மேலே, சுவரிலிருந்து தள்ளி, மூன்று மாதம் தொங்கவிடுகிறார்கள். அந்த மூன்று மாதமும் ஆல்பா துகள்கள் படலத்தில் மோதிக் கண்ணுக்குத் தெரியாத வடுக்களை விட்டுச்செல்லும். பிறகு ஆய்வகத்தில் 60 டிகிரி சூட்டில் உள்ள காரக்கரைசலில் ஒன்றரை மணி நேரம் ஊறவைத்தால் ஒவ்வொரு வடுவும் அரிபட்டு ஊசித்துளை ஆகிவிடும். அதன்மேல் அலுமினியம் பூசிய தாளை வைத்து மின்னழுத்தம் கொடுத்தால் துளைக்கு ஒரு பொறி பறக்கும். பொறிகளை எண்ணினால் அறையின் கணக்கு வந்துவிடும். தோரானைத் தனியே பிரிக்க டப்பாவின் வாயில் நுண்துளைகள் வைக்கிறார்கள். அவற்றின் வழியே மெல்ல ஊடுருவி வருவதற்குள் தோரான் செத்துவிடும். ரேடான் மட்டும் உள்ளே சேரும்.

கடையில் போய் இதை வாங்க முடியாது என்பதுதான் குறை. வீடு விற்கும்போது வில்லங்கச் சான்று கேட்பதுபோல் ரேடான் சான்று கேட்கும் வழக்கமும் இங்கே இல்லை. கிண்டி வளாகத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு அணு இயற்பியல் துறை இருக்கிறது. கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அறிவு பக்கத்திலேயே இருக்க, குடியிருப்பவரின் வாசலுக்கு அது வந்துசேர ஒரு ஏற்பாடு வேண்டும். அதுவரை, வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகள் கையடக்க டிஜிட்டல் மீட்டர் ஒன்றை வாங்கிவந்தால் ஒரு குடியிருப்பே சுற்றிச்சுற்றிப் பயன்படுத்தலாம். முதல் நாள் காட்டும் எண்ணைப் பார்த்து மகிழவோ பதறவோ வேண்டாம். ரேடான் மணிக்கு மணி மாறும். விடியற்காலையில் உச்சத்தில் இருக்கும். குறைந்தது ஒரு மாதம் விட வேண்டும். தரைத்தளப் படுக்கையறையில், படுத்திருப்பவர் மூச்சுவிடும் உயரத்தில், ஜன்னலுக்கும் ஏசிக்கும் நேரே இல்லாமல் வையுங்கள். ஏசி ஓடும் சித்திரை, வைகாசியில் ஒருமுறை, மழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகையில் ஒருமுறை. அளப்பதற்காக வாழ்க்கையை மாற்ற வேண்டாம். வழக்கம்போலவே இருந்து அளந்தால்தான் உண்மை தெரியும்.

எண் 100க்குக் கீழே நின்றால் நிம்மதியாக இருக்கலாம். மேலே போனால் முதலில் செய்ய வேண்டியதற்குக் காசு வேண்டாம். விடிந்ததும் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வீட்டின் காற்றை முழுதாக மாற்றுங்கள். வென்டிலேட்டரில் அடைத்த தெர்மோகோலை எடுத்துவிட்டுக் கொசுவலை அடியுங்கள். தி.நகர் போன்ற இடங்களில் ஜன்னலைத் திறந்தால் வாகனப் புகை வரும் என்பது உண்மை. அதனால்தான் போக்குவரத்து தொடங்குமுன், அதிகாலையைச் சொல்கிறேன். போகியன்று மட்டும் வேண்டாம். சீலிங் ஃபேன் ஓடுவதும் உதவி. காற்று அலையும்போது ரேடானின் வாரிசுகள் சுவரிலும் ஃபேன் இறக்கையிலும் ஒட்டிக்கொண்டு, மூச்சில் போவது குறையும். கொசுவர்த்தியும் ஊதுவத்தியும் மூடிய அறையில் நேர்மாறான வேலை செய்யும். அந்தப் புகைத் துகள்களில் வாரிசுகள் தொற்றிக்கொண்டு மிதந்துகொண்டே இருக்கும்.

அடுத்தது தரை. அமெரிக்கர் சொல்லும் பேஸ்மென்ட் பூமிக்குக் கீழே உள்ள அறை. நம் கொத்தனார் சொல்லும் பேஸ்மட்டம், மணல் கொட்டி நிரப்பி, மேலே கான்கிரீட் போட்ட மேடை. அந்த மணல் வருடங்கள் போகப்போக அமுங்கும். தரைக்கும் சுவருக்கும் நடுவே, ஸ்கர்ட்டிங் டைல்ஸுக்குப் பின்னால், மயிரிழை அளவுக்கு வாய் பிளக்கும். கரையான் மருந்து அடித்தபோது அடிக்கு ஒரு துளையாகப் போட்டு, வெள்ளைச் சிமென்ட் பூசி மறைத்திருப்பார்கள், அது உதிர்ந்திருக்கும். கழிவுக் குழாய் தரையில் இறங்கும் இடம், வீட்டுக்குள் உள்ள சம்ப் மூடி, போர்க்குழாயின் விளிம்பு எல்லாவற்றையும் சீலன்ட் போட்டு அடைக்கலாம். அடைப்பது மட்டும் முழுப் பலன் தராது. வாயு வேறு விரிசலைத் தேடும். எண் உண்மையிலேயே அதிகமானால் அந்த வெள்ளைக் குழாய்தான் வழி. தரையடி மணலுக்குள் குழாய் இறக்கி, விசிறியால் உறிஞ்சி மொட்டைமாடிக்கு மேலே விட்டால், உள்ளே வரும் ரேடானில் பெரும்பகுதி நின்றுவிடும். புதிதாகக் கட்டுபவர்கள் தரை போடும்போதே ஜல்லிப் படுகையும் தடித்த பாலித்தீன் விரிப்பும் ஒரு நாலங்குலக் குழாயும் வைத்துவிட்டால், மொத்தச் செலவில் அது கண்ணில் படாத தொகை.

1954இல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம், 1980களின் தொடக்கத்திலிருந்து சென்னையில் யாருக்கு என்ன புற்று என்று பதிவேடு வைத்திருக்கிறது. வாழ்நாளில் சிகரெட்டைத் தொடாத பெண்களுக்கும் நுரையீரலில் புற்று வருவதை மருத்துவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அடுப்புப் புகை, நகரத்துக் காற்று, மரபணு என்று காரணங்கள் பல. ரேடானின் பங்கு அதில் எவ்வளவு என்று பேச வேண்டுமென்றால், நோயாளியின் பதிவேட்டோடு சேர்த்து வைக்க வீட்டின் அளவும் வேண்டும்.

அப்படி அளக்கத் தொடங்கினால் எங்கிருந்து தொடங்குவது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. தி.நகரின் பெரிய கடைகளில் இரண்டு தளம் பூமிக்குள் இறங்கும் கார் நிறுத்தத்தில், சீட்டுக் கிழித்துக்கொண்டு பன்னிரண்டு மணி நேரம் உட்காரும் ஊழியர் இருக்கிறார். பட்டினப்பாக்கத்தில் மணல்மேல் நேரே தரை போட்ட ஒற்றை அறைகள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் முன்னால், நாம் தினமும் கடந்துபோகும் ஓர் அறை இருக்கிறது. அடுக்குமாடியின் கீழே காற்றோட்டமான கார் நிறுத்தத்தின் மூலையில், மாடிப்படிக்கு அடியில், இபி மீட்டர் பலகைக்குப் பக்கத்தில், வாட்ச்மேன் குடும்பத்துக்கு விட்ட அறை. எட்டுக்குப் பத்து. ஜன்னல் கிடையாது, கதவுக்கு மேலே ஒரு ஜாலிக்கல். அறைக்கு வெளியே இரண்டடியில் போர்க்குழாய், அதை ஒட்டி சம்ப். மேலே குடியிருக்கும் இருபது குடும்பங்களுக்கும் தூண்கள் கொடுத்த பாதுகாப்பு இவர்களுக்குக் கிடையாது. அந்த அறையின் கொடிக்கயிற்றில், பிள்ளையின் பள்ளிச் சீருடைக்குப் பக்கத்தில், முதல் செந்நிறப் படலத்தை இந்த ஐப்பசியிலேயே தொங்கவிடலாம்.